ரோட்டுக்கார அக்காவின் பொய்கள்

கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு புது ஹைவே வரைக்கும் நடந்து வந்த பிறகுதான், இதோடு என்னை எந்த பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள் என்பது உறைத்தது. கீழே போட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. அக்கா அதை என் கையில் திணித்து, "இது இங்க இருந்தா நான் சும்மா இருக்க மாட்டேன், எடுத்துக்கினு போயிடு" என்று சொல்லியிருந்தாள். ஆகவே திருப்பதிப் பக்கமாக நடந்துகொண்டே இருந்தேன்.

வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்து, அதில் சிமெண்ட் தூள் எரிந்தது. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பின்னால் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு போட்டுவிட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் போகச் சொல்லியிருந்தாள். நான் எத்தனையோ இடங்களை விட்டுப் போனவன். எங்கேயும் யாரும் எனக்கு அதைச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. அன்றைக்குத் திரும்பிப் பார்த்தேன். புளியமரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. உச்சியில் இலை இல்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. புத்தலப்பட்டைத் தாண்டி அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அவள் ரோட்டுக்கார அக்கா. ரோடு கேங்கில் வேலை செய்தவள். பள்ளம் அடைப்பது, ஓரத்துப் புல்லைச் செதுக்குவது, சாலை மரங்களின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடிப்பது, இதுதான் வேலை. ஹைவேயை நேராகப் போட்டபோது, வளைந்து போன பழைய ரோட்டில் ஒரு துண்டு தனியாக விடுபட்டுவிட்டது. இரண்டு பக்கமும் தலைமுறைகள் கண்ட புளியமரங்கள். படி இறங்கும் ஒரு கல் கிணறு. நாலு தூண் மண்டபம். தலைச்சுமையோடு நடந்தவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்க நட்ட சுமைதாங்கிக் கல். ஒரு காலத்தில் திருமலைக்கு நடந்து போனவர்கள் உட்கார்ந்து எழுந்து போன இடம். வண்டி போகாததால் அது அப்படியே நின்றது.

கேங்கைக் கலைத்தார்கள். எல்லோரும் போனார்கள், அக்கா போகவில்லை. தார் டின் அடுக்கி வைத்திருந்த ஓட்டுக் கொட்டகையில் குடியிருந்துகொண்டு, பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போய்ச் சாப்பிட்டு, மிச்ச நேரத்தில் சம்பளம் இல்லாமல் அதே வேலையைச் செய்தாள். முதலில் சித்தூருக்குப் போய் ஆபீஸ் ஆபீஸாக ஏறி, அந்த ரோட்டைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கைகாட்டியது. அது மூன்றாவதைக் காட்டியது. மூன்றாவது ஆபீஸ் முதல் ஆபீஸையே காட்டியது.

"நெஜம் சொன்னா அதுக்கு ஒரு பேப்பர் கேக்கறாங்கோ," என்பாள். "பொய்க்கு எவனும் பேப்பர் கேக்கறதில்ல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் அதுதான். அவள் பொய் சொல்லுவாள். தனக்காக இல்லை. எனக்குத் தெரிந்து தனக்காக அவள் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது, மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சீசன் முடிந்து எங்களை வெளியே அனுப்பிய வாரம். எனக்குச் சொந்த ஊர் பிச்சாட்டூர் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது, அதற்குப் பிறகு கால் நிற்கவில்லை. மண்டபத்தில் படுத்து எழுந்து, டீ வைக்கலாம் என்று மரத்தில் காய்ந்து நின்ற ஒரு கிளையை ஒடித்தேன். பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது.

"ஒடிச்சிட்டியா ராஜா?"

உயரமாக, ஒல்லியாக ஒரு பெண். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. கையில் சுண்ணாம்பு வாளி.

"ஏன் யக்கா?"

"ஒண்ணுமில்ல. டீ குடி. புகை மட்டும் கண்ணுல படாம பாத்துக்க. ஒரு லாரி கிளீனர் இப்பிடித்தான் இந்தக் கட்டைய எரிச்சான். இன்னைக்கு அவன் பொண்டாட்டிதான் கையப் புடிச்சிக்கினு அவன பஸ் ஏத்தறா."

நான் கிளையைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் சாணி வரட்டியைப் பொறுக்கித்தான் டீ வைத்தேன். ஒருநாள் அவள் கொட்டகைக்குப் போனால், அதே புளியஞ்சுள்ளியை அடுப்பில் திணித்துக் குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"கண்ணு போவாதா யக்கா?"

"எனக்குப் பழகிப்போச்சி. ஒக்காரு, துன்னு."

அதன்பிறகு பக்கத்தில் ஒரு கிரானைட் பட்டறையில் வேலை கிடைத்தது. பகலில் அங்கே, மற்ற நேரம் இங்கே. மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க நானும் கூட நின்றேன். அவளுக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்ததா, எனக்கா என்று தெரியாது. நான் ஒரே இடத்தில் அதிக காலம் இருந்தது அங்கேதான்.

பொய் சொல்வதற்கு முன்னால் அவள் ஒரு பெருமூச்சு விடுவாள். சொல்ல மனமில்லாத உண்மையை என் வாயிலிருந்து பிடுங்குகிறாயே என்கிற மாதிரி. பிறகு கேட்கிறவனுடைய காலைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டால் எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிடும், கிணற்றுப் பக்கம் போய்விடுவேன்.

ஓடையில் மணல் அள்ளுகிறவர்கள் பழைய ரோட்டின் வழியாக டிராக்டர் ஓட்ட ஆரம்பித்தார்கள். ஓரத்துக் கற்கள் பெயர்ந்தன, வேர்கள் மேல் சக்கரம் ஏறியது. அக்கா ஒரு உடைந்த டார்ச்சின் தலையைக் கழற்றி, கொஞ்சம் ஒயரோடு மரத்துக் கவையில் கட்டினாள். கீழே நின்று பார்த்தால் கேமராதான். டிராக்டர்காரன் அதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி, "எவரு பெட்டினாரக்கா?" என்று கேட்டான், யார் வைத்தது என்று.

பெருமூச்சு.

"என்னக் கேட்டா? நான் கூட்டறவ. வந்தானுங்க, ஏறினானுங்க, மாட்டினானுங்க. நம்பர் பிளேட்டு நல்லாத் தெரியுதான்னு ஒருத்தன் கீழ நின்னுக்கினு கத்தினான். நீ போ நைனா, உனக்கின்னா பயம், நல்ல வண்டிதானே."

டிராக்டர் ரிவர்ஸிலேயே ஹைவே வரைக்கும் போனது.

சுமைதாங்கிக் கல்லுக்கும் ஒருமுறை ஆபத்து வந்தது. யாரோ பெரிய மனிதர் தன் ஃபார்ம் ஹவுஸ் கேட்டில் நிறுத்த ஆசைப்பட்டு ஜேசிபி அனுப்பியிருந்தார். ஓட்டி வந்தவன் சின்னப் பையன்தான், கல்யாணமாகிக் கொஞ்ச காலம் ஆனவன். அக்கா போய்க் கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "தப்புகோம்மா" என்று நகரச் சொல்லிக் கத்தினான். இஞ்சின் சத்தத்தில் அவள் பெருமூச்சு எனக்குக் கேட்கவில்லை, தோள் ஏறி இறங்கியது மட்டும் தெரிந்தது.

"எங்க அக்காவுக்கு வெச்ச கல்லு நைனா. வவுத்துல புள்ளையோட செத்துட்டா. அவ சொமைய எறக்க முடியல. ஊராரு சொமையாவது எறங்கட்டும்னு எங்கப்பா நட்டாரு. எடுத்துக்கினு போ. அவ இருந்திருந்தா உன்ன மாதிரி ஒரு புள்ள இருந்திருப்பான்."

கர்ப்பத்தோடு செத்த பெண்களுக்குத்தான் அந்தக் கல்லை நடுவார்கள், அது உண்மை. ஆனால் அந்தக் கல் அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தியது. பையன் இஞ்சினை அணைத்தான். அவன் மனைவி அப்போது மாசமாக இருந்தாளாம். இறங்கி வந்து கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அழுதுகொண்டே திரும்பிப் போனான்.

"உனக்கு அக்கா இருந்தாங்களா?" என்று அப்புறம் கேட்டேன்.

"நான்தான்டா மூத்தவ." சுண்ணாம்பைக் கலக்கினாள். "ஆனா எவளோ ஒருத்தி செத்தா இல்ல? அவளுக்கு அழுவறதுக்கு இப்ப யாரு கீறாங்க? இவன் அழுதான் பாரு."

அவள் கிறிஸ்தவப் பெண். சித்தூரில் பழைய மிஷன் காலத்துச் சபையில் அவள் குடும்பம் பல தலைமுறையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். வாரமெல்லாம் பொய் சொல்கிறாயே, அங்கே போய் என்ன சொல்லுவாய் என்று கிண்டல் செய்வேன்.

"ஆண்டவருக்கு நட்டவனையும் தெரியும், வெட்டறவனையும் தெரியும். நடுவுல நின்னுக்கினு பொய் சொல்றவளப் பாத்து சிரிச்சிப்பாரு." இராப்போஜன அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு, சாயந்திரம் சந்தோஷமாக வந்து இறங்குவாள்.

பிறகு மரவியாபாரி வந்தான். மரங்களை ஏலம் எடுத்திருப்பதாகச் சொன்னான். கையில் பேப்பர் இருந்தது. பேப்பர் வைத்திருப்பவனிடம் சின்னப் பொய் எடுபடாது. பாம்பு இருக்கிறது என்றாள், பாம்பு பிடிக்கிறவனைக் கூட்டி வருகிறேன் என்றான். பேய் என்றாள், பேய்க்கும் சேர்த்து ரேட் பேசலாமா என்று சிரித்தான். கிணற்றை ஒட்டி நின்ற புளியமரம்தான் இருப்பதிலேயே பழையது. ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிய பொந்து. அதன் மேல் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, காலையில் அறுக்க வருகிறோம் என்று போனான்.

காலையில் நான் எழுந்து பார்த்தபோது பொந்துக்குள் மூன்று கற்கள் இருந்தன. மூன்றுக்கும் மஞ்சள், குங்குமம். வேப்பிலை. பிளந்த எலுமிச்சம்பழம். மரத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் துணி, அவளுடைய பழைய புடவையில் கிழித்தது. அக்கா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். லாரியிலிருந்து ஆட்கள் ரம்பத்தோடு இறங்கினார்கள்.

பெருமூச்சு.

"கெங்கம்மா வந்து ஒக்காந்துட்டா. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு."

ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்திருந்தவன் கீழே வைத்தான். மறுமுனையும் கீழே போனது. ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். வியாபாரி தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினான். ரம்பத்தை எடுக்க ஒருவனும் குனியவில்லை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இராப்போஜனத்துக்கு எழுந்து போனபோது, அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அதற்குப் பிறகு ஒருநாளும் எழுந்து போகவில்லை.

"மத்ததெல்லாம் என் பொய்யி," என்றாள். "இது அவங்க சாமி பேருல சொன்னது. யாருகிட்ட மன்னிப்பு கேக்கறதுன்னே தெரியல."

ரம்பம் கொண்டுவந்த ஆட்கள்தான் முதலில் குடும்பத்தோடு வந்து பொங்கல் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் சேர்ந்தது. பால் வேன் வைத்திருந்த ஒருவர் முன்னால் நின்று எல்லாம் செய்தார். நல்ல மனிதர். கை தட்டிக் கூப்பிடாமல், எனக்கும் இலை போட்டு உட்கார வைத்துச் சோறு போட்டவர். அவர்கள் செய்தது எல்லாமே பக்தியில் செய்தது. மரத்தைச் சுற்றி இடுப்பளவு உயரத்துக்கு மண் கொட்டி, சிமெண்ட் மேடை போட்டு, பாத்ரூமுக்கு ஒட்டுவது போல வழவழப்பான டைல்ஸ் ஒட்டினார்கள். பொந்துக்குக் கிரில் கதவு வைத்தார்கள். கிளைகளில் ஆணி அடித்து சீரியல் பல்பு மாட்டினார்கள். குழந்தைகள் விழுந்துவிடும் என்று கிணற்றைப் பலகைக்கல்லால் மூடினார்கள். சுமைதாங்கியைப் பெயர்த்து, பச்சை எனாமல் அடித்து, மேடைக்குப் படியாகப் போட்டார்கள். பந்தலுக்கு இடம் போதவில்லை என்று கிழக்கு வரிசை மரங்களை வெட்டினார்கள். மரவியாபாரியே வந்து வாங்கிக்கொண்டு போனான்.

அக்கா தடுத்துப் பார்த்தாள். "அம்மாவுக்கு சிமெண்ட்டு ஆவாதாம், மண்ணுதான் வேணுமாம், கனவுல வந்து சொன்னா" என்றாள். பால் வேன்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆசையா செய்யறோம்மா. பெத்த தாயி ஏத்துக்க மாட்டாளா?" என்றார்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பொங்கல் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள். பெருமூச்சு விடவில்லை. யார் காலையும் பார்க்கவில்லை. நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் மஞ்ச பூசினேன். கல்லு நான்தான் வெச்சேன். கெங்கம்மா வரல. மரத்த வெட்டக் கூடாதுன்னு பொய் சொன்னேன். நான் சர்ச்சுக்குப் போறவ. என்ன அடிக்கறதுன்னா அடிச்சிடுங்க. சிமெண்ட்ட மட்டும் எடுத்துடுங்க, மரம் சாவுது."

நான் மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்குக் கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் அசையவில்லை. பால் வேன்காரர் மெதுவாகக் கிட்டே வந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஏம்மா, நீ சர்ச்சுக்காரி. உனக்கு எதுக்கு மஞ்ச பூசணும்னு தோணுச்சு?"

"மரத்துக்காகத்தான்."

"தோண வெச்சது யாரு?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு பெண் குலவையிட்டாள். இன்னொருத்தி மாலையைக் கொண்டுவந்து அக்காவின் கழுத்தில் போட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அவளை உட்கார வைத்து, காலில் விழ ஆரம்பித்தார்கள். வாழ்நாளில் அந்த ரோட்டைப் பற்றி அவள் கூட்டத்தில் சொன்ன ஒரே உண்மை அது.

அதன்பிறகு அவளைத் தேடியே ஆட்கள் வந்தார்கள். ஒரு தாய், காய்ச்சலில் துவண்டு போன குழந்தையோடு வந்து, ஒரு வார்த்தை சொல்லும்மா என்று அழுதாள். அக்கா குழந்தையைத் தொட்டுப் பார்த்துப் பதறிப்போய், "இங்க ஏன்டி வந்த, திருப்பதி பெரியாஸ்பத்திரிக்கு ஓடு" என்று கத்தினாள். தாய் ஓடினாள். குழந்தை பிழைத்தது. அடுத்த வாரம் கூட்டம் இரண்டு மடங்கு.

மரம் செத்துக்கொண்டிருந்தது. புளிய இலை சிறியதுதான், அது இன்னும் சிறுத்து மஞ்சளானது. உச்சிக் கிளைகள் குச்சி குச்சியாக நின்றன. "மூச்சு முட்டுதுடா அதுக்கு," என்பாள். சாப்பிடும்போதும் அதையே சொல்வாள்.

அன்றைக்குக் காலை, வெளிச்சம் வரும் நேரத்தில், கடப்பாரையோடு வந்து என்னை எழுப்பினாள்.

"வர்றியா?"

"மாட்டிக்கினா?"

"மாட்டிக்குவோம்."

ஆளுக்குக் கொஞ்ச நேரமாக மாற்றி மாற்றி இடித்தோம். டைல்ஸ் சிதறியது. சிமெண்ட் பெயர்ந்து, உள்ளே கொட்டிய மண்ணை வாரித் தள்ளியபோது புளித்த நாற்றம் வந்தது. அடிமரத்துப் பட்டை ஊறிப்போன ரொட்டி மாதிரி கையோடு வந்தது. கறையான். அக்கா மண்டியிட்டுச் சுற்றி வந்து, கிணற்றுப் பக்கம் ஒரு இடத்தில் நகத்தால் கீறினாள்.

"இங்க வாடா. பாரு."

கீறலில் பச்சை தெரிந்தது. ஈரமான, உயிருள்ள பச்சை. இந்தப் பக்கம் முழுக்க உடைத்துவிட்டால் போதும், மழை வந்தால் பிழைத்துக்கொள்ளும் என்றாள். அவள் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது, அப்போது சிரித்தாள். நான் கடப்பாரையை வாங்கி இன்னும் வேகமாக இடித்தேன். அதனால்தான் வேன் வந்து நின்ற சத்தம் கேட்கவில்லை.

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. பிறகு காலரைப் பிடித்து இழுத்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். பால் வேன்காரர் இன்னும் வேனை விட்டு இறங்கவில்லை, மற்றவர்கள் எனக்குத் தெரியாத முகங்கள். "எவன்டா நீ? எந்த ஊரு? எவன் அனுப்பினான்?" யாரோ வேனிலிருந்து கயிறு எடுத்து வந்தான். நான் எந்த ஊர்க்காரனும் இல்லை. சாமி மேடையை உடைத்த வெளியூர்க்காரனைக் கட்டி வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதுகு மரத்தில் மோதியது. கயிறு வயிற்றைச் சுற்றியது.

அப்போது அந்தப் பெருமூச்சைக் கேட்டேன்.

வேண்டாம் யக்கா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அவன உடுங்கடா. கெங்கம்மா சொன்னா, நான் இடிக்கச் சொன்னேன்." அக்கா அவர்களுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடை பத்தலியாம். மூச்சு முட்டுதாம் அவளுக்கு. பெருசாக் கட்டுங்கன்றா."

கயிறு தளர்ந்தது.

"எவ்ளோ பெருசும்மா?" பால் வேன்காரர் கை கூப்பிக்கொண்டு கேட்டார்.

அவள் மரத்தைப் பார்க்கவில்லை. "கெணறு வரைக்கும்."

"கிரானைட்டே போட்டுடலாம்," என்றான் ஒருவன். "சாவற வரைக்கும் அசையாது." உடனே ஃபோன் எடுத்தார்கள். என்னை அடித்தவன் என் சட்டையைத் தட்டிவிட்டு, சோடா வாங்கி வரச்சொல்லி ஆள் அனுப்பினான். கீறலில் தெரிந்த அந்தப் பச்சையின் மேல் யாரோ மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"வேற எதுனா சொல்லியிருக்கக் கூடாதா யக்கா?"

"வேற ஒண்ணும் வாயில வரல." கடப்பாரையை என் கையில் திணித்தாள். "மரத்துக்கு ஓடத் தெரியாது. உனக்குத் தெரியும். போ. திரும்பிப் பாக்காம போ."

"நீயும் வா."

"மேற்கு வரிசை இன்னும் கீதே. அதுக்கு யாரு பொய் சொல்லுவா?"

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. சில வருஷம் கழித்து ஒருமுறை பஸ்ஸில் அந்த இடத்தைத் தாண்டினேன். கிரானைட் தளம் பளபளத்தது. பெரிய புளியமரம் நின்ற இடத்தில் தகரக் கூரை. மேற்கு வரிசையில் மூன்றோ நாலோ மரங்கள் மிச்சம் இருந்தன. அவற்றின் அடியில் சுண்ணாம்பும் காவியும் புதிதாக அடித்திருந்தது. பஸ் நிற்கவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

நான் கிளம்பிய அன்றைக்குத் தக்காளிக் கூடை ஏற்றப் போன காலி வேன் ஒன்று என்னைக் கடப்பாரையோடு ஏற்றிக்கொண்டது. ரேணிகுண்டாவில் இறங்கி, ஸ்டேஷன் பக்கம் படுத்தேன். மறுநாள் காலை கூலிக்கு ஆள் எடுக்கும் முனையில் போய் நின்றேன். கையில் கடப்பாரை இருந்ததால் மேஸ்திரி என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

ஒரு லாரி ஒர்க் ஷாப்பின் முன்பக்கம் முழுக்க சிமெண்ட் தளம் போடும் வேலை. நடுவில் ஒரு புங்கமரம் நின்றது. அதைச் சுற்றி முடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

"மரத்த ஒட்டியே போடு. சந்து உடாத. சந்து உட்டா ஓனர் கத்துவாரு."

சரி என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், மரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு வெறும் மணலைக் கொட்டிக் கையால் பரப்பினேன். அதன் மேல் தோசை கனத்துக்குச் சிமெண்டைப் பூசி, மேலே சிமெண்ட் பாலைத் தெளித்து, கரணையால் வழித்தேன். பார்வைக்கு மற்ற தளத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாலு மழை தாங்காது. தாங்கக் கூடாது.

மேஸ்திரி வந்து என் பின்னால் நின்றார்.

"அடியில ஜல்லி போட்டியா?"

யாரோ பெருமூச்சு விட்டார்கள். நான்தான். அவர் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ரெண்டு சட்டி போட்டேன் மேஸ்திரி."